வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி: அச்சமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்

காலை வேளையில் கல்லடிப் பாலத்திலும் கடற்கரையிலும் காந்தி பூங்காவை ஒட்டிய வாவிக்கரையிலும் நடைபயில்வோரைக் காண்கின்றோம். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர் இவர்களுடன் மீண்டும் எப்போது சேரலாம்? இவ்வினாவுக்கு எமது வீடுகளில் பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. 'மூன்று மாதம் பாயை விட்டு எழும்பக்கூடாது' என்பது ஒன்று. 'தையல் காய்ந்துவிட்டது, இனி என்ன' என்பது மற்றது. இவ்விரண்டுமே தவறானவை என்பதுடன் இரண்டுமே ஆபத்தானவை.

'டம்மி டக்' என அழைக்கப்படும் வயிற்றுத்தோல் சீரமைப்புச் சத்திரசிகிச்சை எம்மவர்களுக்கும் அறிமுகமான ஒன்றாகிவிட்டது. பல பிரசவங்களினாலோ உடற்பருமன் பெருமளவு குறைந்ததனாலோ தளர்ந்து தொங்கும் தோலும் கொழுப்பும் இதன்மூலம் அகற்றப்படுகின்றன. அத்துடன், நடுவே விலகிப்போன வயிற்றுத் தசைகளும் பெரும்பாலும் ஒன்றிணைத்துத் தைக்கப்படுகின்றன. வெளியே தெரிவது அடிவயிற்றின் குறுக்கே ஓடும் ஒரு தழும்பு மாத்திரமே. உள்ளே இருப்பதோ மார்புக்கூட்டிலிருந்து அடிவயிறு வரை நீளும் தையல்.

இச்சத்திரசிகிச்சையைச் செய்துகொள்வோர் எமது பிரதேசத்தில் சிலராகவே இருக்கலாம். ஆனால் இதே வினா சிசேரியன் மூலம் பிள்ளை பெற்ற தாய்க்கும், கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்ணுக்கும், குடலிறக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற மீனவருக்கும் உரியது. இலங்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிரசவம் சிசேரியன் மூலம் நிகழ்வதை 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு காட்டியது. எனவே இது வசதி படைத்தோரின் அழகுப் பிரச்சினை என ஒதுக்கிவிடக்கூடியதன்று.

முதலில் காயம் ஆறும் விதத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். மேற்றோல் இரண்டு வாரங்களில் மூடிக்கொள்கிறது. வயிற்றின் உண்மையான பலம் தோலில் இல்லை. அதன் அடியிலுள்ள தசைகளைப் போர்த்தியிருக்கும் உறுதியான சவ்விலேயே அது தங்கியுள்ளது. வெட்டப்பட்ட இழையம் மூன்று வாரங்களில் தனது பழைய உறுதியில் ஏறத்தாழக் கால்பங்கையும், இரண்டு மாதமளவில் அரைவாசியையும் பெறுகிறது. நூற்றுக்கு எண்பது வீதத்தை எட்டுவதற்குச் சுமார் மூன்று மாதங்கள் ஆகலாம். ஆறாவது வாரத்தில் வலி நீங்கி, உடல் தெளிந்து, தன்னால் எதையும் செய்யமுடியும் என ஒருவர் நினைக்கும் வேளையில் உள்ளேயுள்ள தையல் இன்னமும் பாதிப் பலத்துடனேயே நிற்கிறது. ஆபத்து உறைவது இந்த இடைவெளியிலேதான்.

அவ்வாறெனில் படுத்தே கிடப்பது பாதுகாப்பானதா? இல்லை. 1899 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஹவார்ட் கெலி என்ற வைத்தியர் தொங்கும் வயிற்றை அகற்றும் சத்திரசிகிச்சையைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் சிக்காக்கோவில் எமில் ரீஸ் என்ற வைத்தியர் நோயாளரை விரைவில் எழுப்பி நடக்கவைக்குமாறு வலியுறுத்தினார். அன்று பலர் அதனை ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அக்கருத்து நிலைபெற்றது. படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி ஆங்கிலேய வைத்தியர் றிச்சர்ட் ஆஷர் 1947 இல் எழுதிய கட்டுரை இன்றும் நினைவுகூரப்படுகின்றது. அசையாது கிடப்பவரின் கால் நாளங்களில் குருதி உறையலாம். அக்கட்டி நுரையீரலைச் சென்றடைந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். சளி கட்டுதலும் மலச்சிக்கலும் வேறு. நடை என்பது இங்கு உடற்பயிற்சி மாத்திரமன்று, அதுவே மருந்துமாகும்.

எனவே நடையை முந்தித் தொடங்குங்கள், பாரத்தைப் பிந்தித் தூக்குங்கள். இதுவே அடிப்படை விதி.

பெரும்பாலானோர் சத்திரசிகிச்சை நிகழ்ந்த அன்றோ மறுநாளோ தாதியரின் உதவியுடன் எழுந்து சில அடிகள் நடக்கலாம். எழும்பும்போது நேராக நிமிராது, பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுதல் வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் தலையணையொன்றை வயிற்றோடு அணைத்துக்கொள்ளலாம். வயிற்றுத்தோல் இறுக்கப்பட்டவர் முதல் வாரமளவில் சற்றே குனிந்து நடப்பதும், முதுகை உயர்த்தி முழங்காலை மடித்து உறங்குவதும் இயல்பு. முதல் இரு வாரங்கள் வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் பலமுறை சிறு சிறு நடைகள் போதும்.

மூன்றாம் வாரத்திலிருந்து நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டி அரைமணி நேரம்வரை கொண்டுசெல்லலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை வெயில் ஏறுமுன்னரே அதனை முடித்துக்கொள்வது நன்று. ஆறு வாரங்களின் பின்னர் வைத்தியரின் பரிசோதனையும் அனுமதியும் பெற்று வேகநடை, மிதிவண்டி ஆகியவற்றுக்குச் செல்லலாம். ஓட்டம், பாரம் தூக்கல், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகள் என்பன எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குப் பிற்பட்டவை. பயிற்சியின்போது வயிற்றின் நடுவே புடைப்புத் தோன்றினாலோ அன்று மாலை வயிறு வீங்கினாலோ, ஒரு படி பின்வாங்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

இவை பொதுவான கால அளவுகள். சத்திரசிகிச்சையின் தன்மை, வயது, நீரிழிவு, புகைப்பழக்கம் என்பவற்றுக்கேற்ப இவை மாறும். சிகிச்சையளித்த வைத்தியரின் சொல்லே முடிவானது.

'பாரம் தூக்கவேண்டாம்' என்று வைத்தியர் கூறும்போது எமது பெண்கள் உடற்பயிற்சி நிலையத்து இரும்பையே நினைக்கின்றனர். ஒரு குடம் தண்ணீர் பத்துக் கிலோவைத் தாண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளையும் ஏறத்தாழ அவ்வளவு நிறையே. எரிவாயுச் சிலிண்டர், கிணற்று வாளி, ஈரத்துணி நிறைந்த பேசின், மோட்டார் சைக்கிளை நடுத்தாங்கியில் ஏற்றுதல் யாவும் வயிற்றை முக்கவைக்கும் பாரங்களே. சிசேரியன் செய்த தாய் முதல் வாரங்களில் தன் பச்சிளங் குழந்தையிலும் பாரமான எதையும் தூக்கலாகாது என்பது நினைவில் நிறுத்த எளிதான அளவுகோல்.

எமது மரபுகளையும் இவ்விடத்தில் சீர்தூக்கிப் பார்த்தல் தகும். பிள்ளை பெற்றவளை முப்பத்தொரு நாள் வரை வேலையிலிருந்து விலக்கிவைத்த வழக்கத்தில் பாரத்தைத் தவிர்க்கும் அறிவு இருந்தது. ஆனால் அவளை நடக்கவும் விடாதிருப்பது பொருந்தாது. வயிற்றுக்கட்டு இதமளிக்கலாம். எனினும் வயிற்றுத்தோல் சீரமைப்பின் பின்னர் வைத்தியர் தரும் இறுக்குப்பட்டிக்கு அது ஈடாகாது. வேதுத் தண்ணீர் விடயத்தில் அதிக கவனம் வேண்டும். தழும்பைச் சூழ்ந்த தோல் பல மாதங்கள் உணர்விழந்திருக்கக்கூடும். சூடு தெரியாமலே தோல் வெந்துவிடலாம். அதுபோன்றே காயம் முற்றாக ஆறும்வரை வாவியில் இறங்குதலும் கூடாது. உவர்நீரில் வாழும் சில கிருமிகள் திறந்த காயத்தினூடாகக் கடுந்தொற்றை ஏற்படுத்தவல்லன.

காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், திடீரெனப் பெருகும் வீக்கம் ஆகியவற்றைக் கண்டால் அன்றே வைத்தியசாலையை நாடவேண்டும். ஒரு கெண்டைக்காலில் மாத்திரம் வலியும் வீக்கமும் தோன்றினாலோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதன் பின் படுவான்கரையிலிருந்து நகருக்கு வருவது முன்னரிலும் இலகுவாகியுள்ளது. ஆயினும் 'நாளை பார்ப்போம்' என்ற மனப்போக்கைக் கடக்க எந்தப் பாலமும் உதவாது.

இறுதியாக ஒன்று. சம்பளம் பெறும் தாய்க்கு 84 நாள் பிரசவ விடுமுறையைச் சட்டம் வழங்குகின்றது. உள்தையல் உறுதிபெறும் காலத்துக்கு அது ஏறத்தாழ ஒத்துவருவது நோக்கத்தக்கது. நாட்கூலிக்குக் களை பிடுங்கச் செல்லும் பெண்ணுக்கோ வீட்டுவேலை செய்யும் இல்லத்தரசிக்கோ அவ்விடுமுறையை எந்தச் சட்டமும் தருவதில்லை. அதைக் குடும்பமே தரவேண்டும். பன்னிரண்டு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடத்தைக் கணவனும் பிள்ளைகளும் சுமந்தால் அவள் நடந்தே பலம்பெறுவாள். அவ்வாறு செய்யத் தவறினால், தையல் விட்டுக் குடலிறக்கத்துடன் அவள் மீண்டும் அதே வைத்தியசாலைக் கட்டிலுக்கு வர நேரிடலாம். வைத்தியர் தைத்த தையலைக் காப்பது வீட்டாரின் கைகளிலேயே உள்ளது.