எரிவாயுக் கிணறும் தேயிலைத் தோட்டமும்

கோலா தெர்லாவின் தேயிலைச் சரிவுகளில் ஒரு நாள் காலை இலைகளெல்லாம் எண்ணெய்ப் பசையோடு மின்னினால் என்ன ஆகும்? கொழுந்து பறிக்க முடியாது. பறித்தாலும் ஆலை வாங்காது. கேமரன் மலையில் எரிவாயுக் கிணறு இல்லாததால் இந்த அச்சத்திற்கு இடமில்லை. மலேசியாவின் இயற்கை எரிவாயு பெரும்பாலும் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டு, கெர்த்தே, பிந்துலு போன்ற கடலோர ஊர்களுக்குக் குழாய்வழி வந்து சேர்கிறது. ஆனால், இந்தியாவின் அஸ்ஸாம் மாநிலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே எரிவாயுக் கிணறுகள் இருக்கின்றன. அங்குள்ள தின்சுகியா மாவட்டத்தின் பாக்ஜான் என்னும் சிற்றூரில் 2020ஆம் ஆண்டு இது உண்மையாகவே நடந்தது.

அவ்வாண்டு மே 27ஆம் நாள், அரசு நிறுவனமான ஆயில் இந்தியாவுக்குச் சொந்தமான ஐந்தாம் எண் கிணற்றில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 3,870 மீட்டர் ஆழமுள்ள கிணறு அது. அவ்வளவு ஆழத்தில் எரிவாயு மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அது கட்டுமீறி மேலே பாயாமலிருக்க, கிணற்றின் வாயில் ஒரு தடுப்புக் கருவியைப் பொருத்துவார்கள். அதைக் கழற்றும் முன், உள்ளே இன்னோர் அடைப்பு உறுதியாக நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். பாக்ஜானில் அந்தச் சோதனை முறையாக நடக்கவில்லை என்று பின்னர் விசாரணைக் குழு குறிப்பிட்டது. வாயு பீறிட்டது. அதனுடன் வந்த மெல்லிய எண்ணெய் காற்றில் குளிர்ந்து, துளித்துளியாக வயல், குளம், பாக்கு மரம், தேயிலைச் செடி எல்லாவற்றின் மீதும் படிந்தது.

ஜூன் 9ஆம் நாள் கிணறு தீப்பற்றியது. தீயணைப்பு வீரர் இருவர் உயிரிழந்தனர். வீடுகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் நிவாரண முகாம்களில் தங்கினர். சிங்கப்பூரிலிருந்து வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டும், நவம்பர் 15ஆம் நாள்தான் கிணற்றை முழுமையாக அடக்க முடிந்தது. அருகிலிருக்கும் மாகுரி மோத்தாபுங் ஈரநிலத்தில் ஓர் ஆற்று ஓங்கில் இறந்து மிதந்தது. திப்ரு சைகோவா தேசியப் பூங்காவும் பக்கத்தில்தான் இருக்கிறது.

கிணறு எரிந்துகொண்டிருக்கும்போதே வழக்குத் தொடங்கிவிட்டது. கொல்கத்தாவைச் சேர்ந்த சுற்றுச்சூழல் ஆர்வலர் ஒருவரும் அஸ்ஸாம் அமைப்பொன்றும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே 2010ஆம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்பட்ட தீர்ப்பாயம் இது.

பொதுவாக, இழப்பீடு கேட்பவர்தான் எதிர்த்தரப்பின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். நிலத்துக்கடியில் நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் நடந்த தவற்றை, ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் விவசாயி எப்படி மெய்ப்பிப்பார்? இதற்கு விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1984இல் போப்பாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. மறு ஆண்டே தில்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலை நடத்துபவரே அதனால் விளையும் தீங்குக்கு முழுப் பொறுப்பு, அவர் கவனமாக இருந்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை என்று கூறியது. விபத்து வழக்குகளில் தவற்றை மெய்ப்பிக்காமலே இழப்பீடு வழங்கலாம் என்பதைப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் ஏற்றுக்கொண்டது.

2020 ஜூன் 24ஆம் நாள், ஆயில் இந்தியா 25 கோடி ரூபாயை மாவட்ட நிர்வாகத்திடம் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பாயம் ஆணையிட்டது. அது முன்பணம் போன்றதே. இறுதி இழப்பீடு அன்று. சேதத்தைக் கணக்கிட, ஓய்வுபெற்ற நீதிபதி பி. பி. கட்டக்கி தலைமையில் ஒரு குழுவும் அமைந்தது.

கணக்கிடுவதுதான் உண்மையில் கடினம். எரிந்த வீட்டுக்கு விலை போடலாம். பறிக்காமல் விட்ட கொழுந்துக்கும் கிலோ கணக்கில் விலை சொல்லலாம். ஈரநிலத்து மீனுக்கும், அந்த மீனை நம்பி வாழும் பறவைக்கும், ஓங்கிலுக்கும் யார் விலை சொல்வது? அளப்பவர் யாராக இருக்கிறார் என்பதைப் பொறுத்தே விடை மாறிவிடக்கூடும்.

2021 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அமைத்த புதிய குழுக்களுள் ஒன்றில் ஆயில் இந்தியாவின் மேலாண்மை இயக்குநருக்கே இடம் அளிக்கப்பட்டது. குற்றம் சுமத்தப்பட்ட தரப்பே சேதத்தை அளப்பதா? வழக்குத் தொடுத்தவர் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். உச்ச நீதிமன்றமும் இதைக் கேட்டு அதிருப்தி தெரிவித்து, அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர், ஈரநிலத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் நேர்ந்த சேதத்தை மதிப்பிடும் பொறுப்பு மீண்டும் கட்டக்கியின் தலைமையில் ஒரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது தீ அணைந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.