நீருக்கடியில் நடந்த பந்தயம்

குளத்தில் நீந்தும் வாத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை விரட்டினால் வேகமாக நீந்தும். ஆனால் ஓர் எல்லை வரைதான். அதற்கு மேலும் விரட்டினால் நீந்துவதை விட்டுவிட்டுச் சிறகடித்துக்கொண்டு நீர்ப்பரப்பின்மேல் ஓடத் தொடங்கும். அந்த எல்லை எங்கிருந்து வருகிறது? வாத்துக்கு மட்டுமல்ல, ஒலிம்பிக் நீச்சல் வீரருக்கும் அதே தொல்லை உண்டு.

நீர்ப்பரப்பில் நீந்துபவர் தண்ணீரைத் தள்ளும்போது தலைக்கு முன்னே ஓர் அலை எழுகிறது. அது அவர் வேகத்திலேயே அவருடன் நகர்கிறது. ஆழமான நீரில் அலைநீளம் கூடக்கூட அலையின் வேகமும் கூடும். ஆகவே அவர் வேகமாகச் செல்லச் செல்ல, உடன்வரும் அலையும் நீளுகிறது. அலைநீளம் உடலின் நீளத்தை எட்டியதும் தலைப்பக்கம் ஒரு முகடு, கால்பக்கம் ஒரு முகடு, நடுவே பள்ளத்தில் அவர்! இனி வேகம் கூட்டுவதென்றால், தாமே எழுப்பிய அலையின்மேல் மேட்டில் ஏறுவது போலத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈர்ப்பு முடுக்கத்தை அலைநீளத்தால் பெருக்கி, 6.28 ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். அலைநீளம் 2 மீட்டர் என்று கொண்டால் விடை விநாடிக்கு ஏறத்தாழ 1.77 மீட்டர். 1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மல்லாந்து நீந்தும் 100 மீட்டர் பந்தயத்தில் எவரும் 55 விநாடிக்குள் வந்ததில்லை. 100ஐ 55 ஆல் வகுத்தால் 1.82! மனித உடல் கப்பலைப் போல் விறைப்பானதன்று. எனவே இது தாண்டவே முடியாத சுவர் அல்ல. ஆனால் இதை நெருங்கும்போது நீரின் தடை மளமளவென்று ஏறிவிடுகிறது.

அப்படியானால் தப்பும் வழி? நீர்மூழ்கிக் கப்பலைக் கேளுங்கள். அலை பரப்புக்கு உரியது. ஒரு மீட்டர் ஆழத்தில் நீந்துபவர் எழுப்பும் அலை மிகச் சிறிது. உராய்வும் உடல் வடிவத்தால் வரும் தடையும் மட்டும் மிஞ்சும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் டேவிட் பெர்க்காஃப் இந்த வழியைத்தான் பிடித்தார். சுவரை உதைத்துப் புறப்பட்டதும், மல்லாந்த நிலையிலேயே நீருக்குள் அமிழ்ந்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டிச் சேர்த்துக்கொண்டு, இரு கால்களையும் ஒன்றாக டால்பின் வாலைப்போல் சுழற்றி அடிப்பார். 50 மீட்டர் நீளக் குளத்தில் சுமார் 35 மீட்டர் இப்படியே! பார்வையாளர் கண்ணுக்கு அவருடைய தடம் காலியாகத் தெரியும். இதில் அவர் முதல்வர் அல்லர். அவருக்கு முன்பே ஜெசி வசாலோ நீருக்கடியில் கால் வீசியிருக்கிறார்; ஜப்பானியர் இம்முறையை அவர் பெயராலேயே அழைக்கின்றனர்.

1988 ஆகஸ்டில் ஆஸ்டின் நகரில் பெர்க்காஃப் 54.95, பிறகு 54.91 விநாடிகளில் நீந்தி, 55 என்ற எல்லையை உடைத்தார். செப்டம்பரில் சியோல் ஒலிம்பிக்கின் தகுதிச்சுற்றில் 54.51. தங்கம் அவருக்கே என்று பலரும் எண்ணியிருப்பார்கள்.

ஆனால் இறுதிப் பந்தயத்தில் அடுத்த தடங்களிலும் நீர்மூழ்கிகள் இருந்தன. ஜப்பானின் டாய்ச்சி சுசுகி சுமார் 30 மீட்டர் நீருக்குள்ளேயே வந்தார். அவர் 55.05 விநாடியில் சுவரைத் தொட்டார், பெர்க்காஃப் 55.18, சோவியத் வீரர் இகோர் பொலியான்ஸ்கி 55.20. முதல் இருவருக்கும் இடைவெளி 0.13 விநாடி. அந்த வேகத்தில் அது ஏறத்தாழ ஒரு சாண் தூரம்!

நீருக்கடியில் மிச்சப்படுத்திய ஆற்றலுக்கு விலை உண்டு. பெரிய தசைகள் கடுமையாக உழைக்கும் நேரத்தில் புதிய ஆக்சிஜன் வருவதில்லை. மல்லாந்திருப்பதால் மூக்கில் நீர் ஏறாதிருக்கச் சிறிது சிறிதாகக் காற்றை வெளியேயும் விட வேண்டும். இக்கடன் முழுவதும் கடைசி 25 மீட்டரில் வசூலாகும். (இங்கே ஓர் எச்சரிக்கை: தனியாக நீருக்குள் மூச்சடக்கிப் பழகாதீர்கள். முன்னறிவிப்பின்றி மயக்கம் வரும். நல்ல நீச்சல்காரர்களும் இதனால் இறந்திருக்கிறார்கள்.)

சியோலுக்குப் பிறகு பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு, நீருக்கடியில் 10 மீட்டருக்கு மேல் செல்லக்கூடாது என விதித்தது. 1991இல் அதை 15 மீட்டராகத் தளர்த்தியது. ஒருவர் ஆண்டுக்கணக்கில் பழகிய வித்தையை ஒரு வரி விதி பாதிக்குமேல் பறித்துவிட்டது. எனக்கு அதில் சிறிது வருத்தம்தான். ஆனாலும் தலையே தெரியாத பந்தயத்தை மல்லாந்து நீச்சல் என்று எப்படி அழைப்பது?

பெர்க்காஃப் என்ன ஆனார்? 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில், 15 மீட்டர் விதிக்கு உட்பட்டு நீந்தி, 54.78 விநாடியில் வெண்கலம் வென்றார். நீரின் மேற்பரப்பிலேயே கூடுதல் தூரம் நீந்தியும், சியோலில் வெள்ளி பெற்ற நேரத்தைவிட 0.40 விநாடி குறைவு!

விதி வந்தும் டால்பின் வீச்சு போகவில்லை. அனுமதித்த 15 மீட்டரை முன்னணி வீரர்கள் வீணாக்குவதில்லை. தொலைக்காட்சியில் அடுத்த முறை இப்பந்தயத்தைக் காணும்போது, தடங்களைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றைக் கவனியுங்கள். சுவரிலிருந்து 15 மீட்டரில் மிதவையின் நிறம் மாறியிருக்கும். எட்டுத் தலைகளில் எவை அந்த நிறத்தை ஒட்டி எழுகின்றன, எவை முன்னதாகவே எழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.