கரையோரக் குடிகளும் மராமத்து வேலைகளும்

இராமேசுவரத் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்திற்கும் இடையே, பெருவழியை ஒட்டி அக்காள்மடம் என்னும் ஊர் உளது. வடபால் பாக்கு நீரிணையும் தென்பால் மன்னார் வளைகுடாவும் சூழ, நடுவே மணலும் பனையும் தென்னையுமாக அமைந்த நிலம் இது. சேது யாத்திரை செல்வோர் தங்குதற்கு எழுந்த மடமே ஊருக்குப் பெயராயிற்று என்பர். ஆகவே, வெளியூரார் பொருட்டு எழும்பும் கட்டடங்கள் இவ்வூர்க் குடிகளுக்குப் புதியன அல்ல. பாதை, படகுத்துறை, குடிநீர்க் குழாய், புயல் காப்பிடம் முதலியவற்றை இத்தகைய கரையோரங்களில் அமைக்க முற்படுவோர், அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் குடிகளை எப்பொழுது கலந்துகொள்ளுதல் வேண்டும் என்பதே இங்கு ஆராயத் தக்கது.

கிராமக் கணக்கில் கடற்கரை பெரும்பாலும் புறம்போக்கு என்றே காணும். புறம்போக்கு என்றவுடன் வெறுநிலம் என்று கொள்வது நம்மிடையே வேரூன்றிய பிழை. மீன் உலர்த்தும் களம், வலை விரிக்கும் மேடு, படகை இழுத்து ஏற்றும் சரிவு ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இதனினும் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. வாடை வீசும் மாதங்களில் தீவின் வடகரை கொந்தளிக்கும். கச்சான் காலத்தில் தென்கரை கொந்தளிக்கும். ஆதலின் தொழிலாளர் பலர் பருவத்திற்கேற்பத் தம் நாட்டுப்படகுகளை ஒரு கரையினின்று மறுகரைக்கு மாற்றிக்கொள்வர். தை மாதத்தில் அளக்க வந்த அதிகாரி ஆளற்றதென்று குறித்துச் சென்ற இடம், ஆனி மாதத்தில் ஊரே கூடும் துறையாக இருக்கக் கூடும். மேசைமேல் வரைபடம் விரிப்போர்க்கு இது தெரிய நியாயமில்லை.

இக்குடிகளின் அறிவு மராமத்து வேலைக்கு எவ்வளவு பிரயோஜனமானது என்பதற்கு அக்காள்மடத்தின் அண்மையிலேயே சான்று உண்டு. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் ரெயில் பாலம், 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய பெரும்புயலில் சிதைந்தது. தனுஷ்கோடி அழிந்தது அப்புயலிலேயே. பாலத்தின் இரும்புத் தூலங்களில் 126 கடலுக்குள் போய்விட்டன. புதிய தூலங்கள் செய்து வருவிப்பதாயின் நெடுங்காலம் செல்லும். ஆகையால் ரெயில்வேயார் முதலில் ஆறு மாதமும், பின்னர் மூன்று மாதமும் கெடு விதித்தனர். பொறுப்பேற்ற ஈ. ஸ்ரீதரன் அப்பொழுது இளம் இஞ்சினீயர். அந்நிலையில் தூலங்கள் பாலத்திற்குச் சிறிது தொலைவில் கடலடியில் கிடப்பதைக் கண்டு சொன்னவர்கள் மீனவர்களே. அவற்றை மேலே தூக்க மலையாளக் கரையிலிருந்து கலாசிகள் வரவழைக்கப்பட்டனர். கனத்த பொருள்களைக் கப்பியும் கயிறும் கொண்டு அசைப்பதில் அவர்கள் பரம்பரைத் தேர்ச்சி பெற்றவர்கள். 46 நாட்களில் பாலம் சீராயிற்று. இஞ்சினீயரின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் படகோட்டியின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டமையும் அத்திறமையின் ஒரு பகுதியே யாகும்.

இதற்கு மாறானதொரு நிலையைச் சேது சமுத்திரத் திட்டத்திற் காணலாம். சுமார் 167 கிலோமீட்டர் நீளமுள்ள கப்பற்கால்வாயைத் தோண்டும் அவ்வேலை, 2005 ஜூலை 2-ந் தேதி மதுரையில் தொடங்கப் பெற்றது. ஆட்சேபம் கேட்கும் கூட்டங்கள் கரையோர ஜில்லாக்களில் நடந்தன. மீனவர் பலர் தம் வலைத்தடங்கள் கெடுமென்று முறையிட்டனர். ஆனால் கால்வாயின் தடம் அதற்கு முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. பின்னர் 2007-ல் சுப்ரீம் கோர்ட்டின் தடையுத்தரவு வந்ததற்கு இராமர் பாலம் பற்றிய வழக்கே முதற் காரணம் என்பது உண்மை. மீனவர் முறையீட்டால் மட்டும் வேலை நின்றதென்று கூறலாகாது. எனினும் தடம் வகுத்தபின் கருத்துக் கேட்பது, வாய்க்கால் வெட்டியபின் மடைக்கு இடம் தேடுவதை ஒக்கும்.

கடலில் இறங்கும் பெண்களின் யோசனையும் கணக்கிற் சேர வேண்டியதே. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் கடற்பாசி எடுத்துப் பிழைப்பவர்கள். 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா 1986-ல் அமைந்த பிறகு அவர்கள் தொழிலுக்கு இடையூறு மிகுந்தது. ஆயினும் அவர்கள் மாதத்தில் 12 நாட்களே பாசி எடுப்பதென்று தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி என்னும் பெண்மணிக்கு 2015-ல் ஸீகாலஜி என்னும் வெளிநாட்டுச் சங்கத்தின் பரிசு கிடைத்தது. கூட்டம் கூட்டுவோர் அந்தப் பன்னிரண்டு நாட்களில் ஒன்றைக் குறித்துவிட்டுப் பெண்கள் வரவில்லையென்று குறைகூறுதல் முறையன்று.

நிலமுடையோர்க்கும் இதில் நேரான நஷ்டமுண்டு. இம்மணல் நிலத்தில் மழையின் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. ஆழத் தோண்டி மிகுதியாக இறைத்தால் உவர் மேலேறும். தென்னந்தோப்பும் குடிநீர்க் கிணறும் ஒருங்கே கெடும். எந்த ஊற்று கோடையிலும் இனிக்கும், எது சித்திரையில் கரிக்கும் என்பதை நாள்தோறும் குடம் சுமப்பவர்கள் அறிவர். குழாய்க் கிணற்றுக்கு இடம் குறிக்குமுன் அவர்களை விசாரிக்கச் செலவு ஒன்றுமில்லை. தோப்புக்கு முள்வேலி போடுவோரும் மீனவர் கரைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையை விட்டுப் போடுதல் நலம். பின்னாளில் எழும் சச்சரவுகளில் பல இதனால் ஒழியும்.

மலைநாட்டுப் பழங்குடிகளின் விஷயத்தில் இவ்வகை விசாரணையைச் சட்டமே கட்டாயமாக்கியுள்ளது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2)-வது பிரிவின்படி, பள்ளிக்கூடம், வைத்தியசாலை, பாதை, குளம், குடிநீர்க் குழாய் முதலிய 13 வகை வசதிகளுக்கு வனநிலம் அளிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலமே ஆகும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டுதல் கூடாது. கிராம சபையின் சிபாரிசும் அவசியம். இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் வாழும் ஊர்களில் அச்சபையே முதற்படி. கடற்கரை மீனவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தவரல்லர். ஆயினும் 2011-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையானது, மீனவ கிராமங்களையும், அவர்களுடைய பொதுச் சொத்துக்களையும், படகுத்துறைகளையும், மீன் உலர்த்தும் களங்களையும் சர்வே எண் தெரியும் வரைபடத்திற் குறிக்க வேண்டுமென்று விதித்தது.

அக்குறிப்பு மெய்யாக அமைவது கிராம உத்தியோகஸ்தர் கையில் உள்ளது. ஊர்ப் பெரியவர் இருவரையும், பாசி எடுக்கும் பெண்கள் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, மார்கழியில் ஒரு முறையும் ஆடியில் ஒரு முறையும் இரு கரைகளையும் நடந்து பார்க்க வேண்டும். களம், துறை, பாதை, ஊற்று ஆகியவற்றை அவர்கள் வழங்கும் பெயராலேயே எழுதிக்கொண்டு, எழுதியதை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டித் திருத்தியபின், வரைபடத்திற் கையெழுத்திடலாம்.