பழைய வளையத்துக்குப் புது வேலை

பழுதான கம்ப்யூட்டர் பவர் சப்ளையைத் திறந்தால், தடித்த செம்புக் கம்பி சுற்றிய மஞ்சள் வளையம் ஒன்று கண்ணில் படும். அதன் ஒரு முகம் மட்டும் வெள்ளையாக இருக்கும். எரிந்துபோன சி.எஃப்.எல். பல்பின் அடிப்பாகத்திலும் சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு வளையம் உண்டு. டொராய்டு என்று இவற்றைச் சொல்வார்கள். பிளஸ் டூ இயற்பியலில் வரும் வட்ட வரிச்சுருள் இதுதான். பவர் சப்ளை செத்துப்போனால் பெரும்பாலும் மின்தேக்கி உப்பியிருக்கும், அல்லது டிரான்சிஸ்டர் வெந்திருக்கும். வளையம் நன்றாகவே இருக்கும். ஆனாலும் எல்லாம் சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. மின்னோட்டம் மாற முயன்றால் அந்தப் புலம் எதிர்க்கிறது. நேரான சுருளில் காந்தக் கோடுகள் வெளியே பரவிப் பக்கத்துப் பாகங்களைத் தொந்தரவு செய்யும். வளையத்திலோ அவை உள்ளேயே சுற்றிவந்து முடிகின்றன. மைக்கேல் ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று மின்காந்தத் தூண்டலைக் கண்டதும் ஒரு வளையத்தில்தான். தேனிரும்பு வளையத்தில் துணியையும் நூலையும் காப்பாக வைத்து இரண்டு சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் பேட்டரியை இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும், மற்றதோடு சேர்த்திருந்த காந்த ஊசி அசைந்தது. உலகின் முதல் டிரான்ஸ்ஃபார்மர் அதுவே.

இன்றைய வளையங்கள் பெரும்பாலும் இரண்டு சாதி. மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத் தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்தது. தூள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள்தான் அதன் பலம். அதிக மின்னோட்டம் பாய்ந்தாலும் சட்டென்று காந்தத் தெவிட்டல், அதாவது இனி காந்தம் ஏறாத நிலை, அடையாது. ஆகவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர்களுக்கு ஏற்றது. மற்றொன்று ஃபெரைட். டோக்கியோவில் 1930-இல் காட்டோ, டாக்கேய் என்ற இருவர் கண்டறிந்த இரும்பு ஆக்சைடு பீங்கான் இது. சில சுற்றுகளிலேயே மிகுந்த தூண்டலைத் தரும். ஆனால் விரைவில் தெவிட்டிவிடும்.

பெயரில்லாத வளையம் கையில் கிடைத்தால் என்ன செய்வது? பழைய கம்பியை நீக்கிவிட்டுப் பத்துச் சுற்று சுற்றி, எல்.சி. மீட்டரில் அளக்க வேண்டும். மின்தூண்டல் சுற்று எண்ணிக்கையின் இருமடிக்கு ஏற்ப வளரும். எனவே அளவை நூறால் வகுத்தால் அந்த வளையத்தின் குணம் தெரிந்துவிடும். பவர் சப்ளைகளில் அடிக்கடி கிடைக்கும் 27 மில்லிமீட்டர் மஞ்சள் வளையம் பத்துச் சுற்றுக்கு ஏறத்தாழ 9.3 மைக்ரோஹென்றி காட்டும். 100 மைக்ரோஹென்றி தேவையா? 33 சுற்று போதும். மீட்டர் இல்லாதவர்கள் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்து ஒத்ததிர்வைப் பார்க்கலாம். அதே பத்துச் சுற்றுக்கு அது 165 கிலோஹெர்ட்ஸ் அருகே வரும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மஞ்சள் பெயின்ட்டை யாரும் அடிக்கலாம், அளவுதான் சாட்சி.

சி.எஃப்.எல். பல்பின் சிறு ஃபெரைட் வளையத்தில் இரண்டு கம்பிகளைச் சேர்த்துச் சில சுற்றுகள் சுற்றி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கிலோ ஓம் மின்தடை, ஒரு வெள்ளை எல்.இ.டி. ஆகியவற்றை இணைத்தால், கடிகாரம் கைவிட்ட பேட்டரியிலும் விளக்கு எரியும். அந்த எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும்; பேட்டரியில் ஒன்றரை வோல்ட்கூட இருக்காது. வளையம் ஆற்றலைச் சேர்த்துச் சேர்த்து உயர்ந்த அழுத்தத்தில் தள்ளிவிடுகிறது.

நல்ல வளையம் கிடைக்காத ஊரிலும் வழி பிறக்கும் என்று காட்டியவர் ஹைதராபாத்தின் அமெச்சூர் வானொலியாளர் அஷ்ஹர் ஃபர்ஹான். 2000-களின் தொடக்கத்தில் பிட்எக்ஸ் என்ற ரேடியோவை வடிவமைத்தபோது, ஹார்டுவேர் கடையில் விற்கும் குழாய் வாஷர்களில் காயில் சுற்றினார், டிரான்ஸ்ஃபார்மருக்கு டி.வி. ஆன்டெனா இணைப்பில் வரும் பாலன்களின் ஃபெரைட்டை எடுத்துக்கொண்டார். உலகெங்கும் பலர் அதைக் கட்டிப் பேசினார்கள்.

காயில் சுற்றும் கைத்திறன் நம் ஊர்களிலும் உண்டு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு வடக்கே உள்ள வாலிகண்டபுரத்தைச் சுற்றிக் கிணற்று மோட்டார்களை நம்பிய விவசாயம் நடக்கிறது. அதனால் எனாமல் கம்பியின் கேஜும் சுற்றுக் கணக்கும் தெரிந்த, மோட்டார் காயில் கட்டும் கைகள் இந்தப் பக்கத்துக்குப் புதியவை அல்ல. அந்தக் கைத்திறனும் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் ஒரே மேசையில் சந்திக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒரு எச்சரிக்கை அவசியம். பவர் சப்ளையின் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொல்லும். அனுபவமுள்ளவர் கூட இருந்து, மின்தேக்கி வெறுமையாகிவிட்டதா என்று அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். சி.எஃப்.எல். குழாயில் பாதரசம் உண்டு. அதை உடைக்கவே கூடாது. வெப்பத்தில் கருகிய மஞ்சள் வளையத்தையும் ஒதுக்கிவிடுங்கள்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு ஆய்வகத்தில் ஒரு பெட்டி வளையங்களை வையுங்கள். ஒவ்வொரு மாணவரும் பத்துச் சுற்று சுற்றி, அளந்து, வளையத்தில் ஒரு சீட்டு ஒட்டட்டும். அளவு எழுதிய வளையம் குப்பை அல்ல, உதிரிபாகம்.