பூனை வீட்டில் ஏறும் கள்ளி

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்து மொட்டை மாடிகளில் இப்போது டிராகன் பழச் செடியைப் பார்க்க முடிகிறது. பூனை வளர்க்கும் வீடாக இருந்தால் பாட்டி, தாத்தா யாராவது கட்டாயம் கேட்பார்கள்: “குழந்தை மாதிரி ஒரு ஜீவன் இருக்கிற வீட்டில் கள்ளியா?”

கேள்வி நியாயமானதுதான். வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளியைப் போலவே இதற்கும் பட்டை பட்டையாகச் சதைப்பற்றுள்ள தண்டு, விளிம்பில் முள், இலை கிடையாது. இத்தனை இருந்தும் இரண்டும் உறவில்லை. சதுரக்கள்ளி ஆமணக்குக் குடும்பம். டிராகன் பழம் தெற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் காக்டஸ் குடும்பம். தண்ணீர்ப் பஞ்சத்தைச் சமாளிக்க இரு குடும்பங்களும் தனித்தனியாக ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. தண்டைக் கிள்ளினால் குட்டு வெளிப்பட்டுவிடும். சதுரக்கள்ளியில் வெள்ளைப் பால் பொங்கும். தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. டிராகன் பழத் தண்டிலிருந்து நிறமற்ற, வழவழப்பான சாறுதான் கசியும். பூனைக்கு நஞ்சாகும் பொருள் எதுவும் அதில் இருப்பதாகத் தெரியவில்லை. தண்டைக் கடித்துத் தின்றால் வாந்தி எடுக்கலாம். குட்டை முள் மூக்கில் குத்தலாம். மாடியில் நாம் பயப்பட வேண்டியது கொல்சிசின் நிறைந்த செங்காந்தளுக்கும், மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் லில்லிக்கும்.

என்னை மிகவும் ஈர்ப்பது இந்தச் செடியின் இரவு வாழ்க்கை. சென்னை வெயிலில் மற்ற செடிகள் மூச்சுத்துளைகளைத் திறந்து வைத்துத் தண்ணீரை இழந்துகொண்டிருக்கும்போது, இது எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கும். இருட்டிய பிறகு திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து, மாலிக் அமிலமாக மாற்றிச் சேமிக்கும். பச்சை ஆப்பிளின் புளிப்பும் இதே அமிலத்தால்தான். விடிந்ததும் கதவடைத்துவிட்டு, சேமித்ததைக் கொண்டு பகல் வெளிச்சத்தில் சர்க்கரை தயாரிக்கும். அதனால் ஒரே தண்டு அதிகாலையில் புளிப்பேறியும் மாலையில் புளிப்பு குறைந்தும் இருக்கும்.

பூவும் இரவுக்கானதே. பகல் நீளும் மாதங்களில் மொட்டு விடும். ஒரு சாண் நீளத்தைத் தாண்டிய வெள்ளைப் பூ இருட்டிய பிறகு விரிந்து, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் தொங்கிவிடும். தாயகத்தில் பெரிய அந்துப்பூச்சிகளும் வௌவால்களும் மகரந்தம் சுமக்கின்றன. இங்கே சில ரகங்கள் தாமாகவே காய்க்கும். மற்றவற்றுக்கு வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து, நடுவே நட்சத்திரம்போல் விரிந்திருக்கும் சூல்முடியில் நாமே தடவ வேண்டும். அந்த வேளையில் பூனையும் மாடியில்தான் இருக்கும். அதற்குப் பூ பொருட்டில்லை; பூவைத் தேடி வரும் அந்துப்பூச்சிதான் குறி.

தொட்டியில்தான் உண்மையான தகராறு. தண்ணீர் தேங்காத மணல் கலந்த மண் இந்தச் செடிக்கு வேண்டும். பூனைக்கும் கழிப்பிடமாக அதே மண்தான் பிடிக்கும். மேலே பெரிய ஜல்லியைப் பரப்பினால் தோண்டாது. பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் கையுறை இல்லாமல் அந்த மண்ணைத் தொடக் கூடாது.

காக்டஸ் குடும்பம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கக் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் கல்கத்தாவுக்கு வந்திறங்கிய பூச்சியோ சாயத்துக்கு உதவாத மட்டமான இனம். ஆனால் கள்ளியைத் தீர்த்துக்கட்டுவதில் அது கெட்டி. 1830களில் தென்னிந்தியாவில் களையாக மண்டிய சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க அதையே கொண்டுவந்து விட்டார்கள்.

அந்தப் பூச்சியின் தூரத்து உறவுதான் மாடித் தோட்டக்காரர்கள் திட்டித் தீர்க்கும் மாவுப்பூச்சி. டிராகன் பழத் தண்டில் வெள்ளைப் பஞ்சாக அது அப்பியிருப்பதைக் கண்டதும் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த பூச்சிக்கொல்லிகளைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. மயிரில் பட்டதை நக்கினாலும் வலிப்பு வந்து உயிர் போகலாம். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் பலன் தரும்.

பூ வாடி ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழம் சிவக்கும். பூனை அதைச் சீண்டாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணுவொன்று பூனை இனத்தில் என்றோ செயலிழந்துவிட்டது என்று 2005இல் கண்டறிந்தார்கள். சர்க்கரையின் ருசியே அதற்குத் தெரியாது. வலைப்பை கட்டுவது அணிலுக்காகவும் கிளிக்காகவும்தான்.