பாசியை இனங்காணுமாறு

மாரி தொடங்கிச் சில கிழமைகளுக்குள் கிணற்றுக்கட்டும் மதிலும் பச்சை போர்த்துவதை நம்மிற் காணாதார் இலர். அப்பச்சை அனைத்தையும் பாசி என்றே வழங்குகின்றோம். வழுக்கி விழுந்தவர் பழிப்பதும் அப்பெயரையே. ஆயின், காலை வழுக்கும் வழுவழுப்புப் பெரும்பாலும் அல்காக்களின் செயலாம். தண்டும் சிற்றிலையுங் கொண்டு மெத்தைபோற் செறிந்து வளரும் சிறு செடியே தாவரநூலார் கூறும் பாசி. மரப்பட்டையில் ஒட்டிய நரைத்த படலமோ இவ்விரண்டும் அன்று. அல்காவும் பங்கசும் கூடி வாழும் இலைக்கன் அது.

பாசிகளைப் பிரித்தறியப் பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை ஒன்றும் சிறிது நீரும் போதும். மதிலிற் காய்ந்து கருகியதுபோற் கிடக்கும் பாசிமேல் ஒரு துளி விடுக. உட்சுருண்ட இலைகள் சிறிது பொழுதில் விரிந்து நாவடிவாகத் தோன்றின், அது கையோபிலா ஆகலாம். வெப்பவலய நாடுகளிற் சுவரையும் சுண்ணக்கல்லையும் பற்றி வளர்வது அது. நடைபாதை இடுக்கில் வெள்ளிபோல் மினுங்குவது பிரையம் ஆசெந்தியம். அதன் இலையின் மேற்பகுதியிற் பச்சையம் இல்லாமையே அம்மினுக்கத்துக்குக் காரணம். அந்தாட்டிக்காவிலும் அது வளர்கின்றது. தென்னை மரத்திற் படர்ந்த பாசியின் இலைநுனியில், புதுச்செடியாய் முளைக்கவல்ல நுண்மணிகள் திரண்டிருப்பின் கலிம்பெரீசு என்க. மாணவர் படங்கீறிச் சலித்த புனேரியா, நெருப்பெரிந்த நிலத்தை நாடுவது. அதன் வித்திக்கலன் பேரிக்காய் வடிவினது, காம்போ ஈரத்துக்கேற்ப முறுகி அவிழும்.

இலையை மட்டும் நம்புதல் ஆகாது. யான் ஒருமுறை கலன் இல்லாப் பாசியொன்றுக்குக் கையோபிலா எனச் சீட்டெழுதி, மாணவர்க்குங் காட்டினேன். அடுத்த மாரியில் அதே மதிலிற் கலன்கள் எழுந்தன. மூடி கழன்றவற்றை வில்லையால் நோக்க, வாயிலே முறுக்குண்ட நுண்பற்கள்! கையோபிலாவின் வாயிற் பற்கள் இல்லை. ஆதலின் அது பாபுலா. 1801ஆம் ஆண்டு வெளிவந்த எட்விக் என்பாரின் நூல், இப்பற்களைக் கொண்டே பாசிகளைப் பெரிதும் வகுத்தது. அந்நூலிலிருந்தே பாசிப்பெயர்கள் பலவும் முறைப்படி தொடங்குகின்றன. அதனை அறிந்திருந்தும் பற்களைக் காணுமுன் பெயரிட்டேன். பிழைச்சீட்டை இன்னுங் கிழித்திலேன். சரியான சீட்டு அதன் கீழே ஒட்டப்பட்டுள்ளது.

சேகரிக்க விரும்புவோர், கலன் உள்ள சிறு துண்டொன்றை எடுத்து, மடித்த தாளில் நிழலில் உலர்த்துக. இடம், நாள், பற்றியிருந்தது கல்லோ மண்ணோ மரமோ என்பவற்றை அன்றே எழுதுக. பல ஆண்டு கழிந்தபின்னும் நீரில் நனைப்பின் இலைகள் மீள விரியும்.