ஆசிரியர் மேம்பாடும் அரசின் நல்கையும்

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு உரிய பண்புகளை வகுத்துக் கூறியபின், ஆசிரியர் ஆகாதாரையும் வகுத்துக் காட்டுகின்றார். கழற்சிக்காய் இட்ட குடம், மடல் நெருங்கிய பனை, பஞ்சு அடைத்த குண்டிகை, வேலிக்கு அப்பால் வளைந்த தென்னை என்னும் நான்கும் அவர் எடுத்துக்காட்டும் உவமைகளாம். இவற்றுள் பருத்திக் குண்டிகை நம் சிந்தனைக்கு உரியது. சிறிது சிறிதாக, வருந்தி அடைக்கப்பட்டதைச் சிறிது சிறிதாக, வருந்தியே அது வெளிவிடும். கற்பிப்பவன் தன்னைப் புதுக்கிக் கொள்ளாவிடில் இந்நிலையே நேரும் என்பதை எழுநூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழிலக்கணம் உணர்ந்திருந்தது.

புலமை வளர்வதற்குப் புரவலர் வேண்டும் என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். நன்னூலே சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டதனால் எழுந்த நூல். உமறுப் புலவர் சீறாப்புராணத்தைத் தொடங்கியபொழுது வள்ளல் சீதக்காதி துணை நின்றார் என்பதும், அவர் மறைவுக்குப்பின் அபுல் காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றார் என்பதும் மரபாக வழங்கும் செய்திகள். ஒரு புரவலர் மறைந்ததும் மற்றொருவர் முன்வந்தமையால் நூல் நின்றுவிடவில்லை. இன்று கல்லூரி ஆசிரியர்க்குப் பெரும்புரவலராக விளங்குவது அரசு. அவ்வரசு ஆசிரியர் மேம்பாட்டிற்கு வழங்கும் நல்கை எவ்வாறு தோன்றியது, எவ்வழியில் வருகிறது, யாரை வந்தடைகிறது, யாரைக் கடந்து போகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மானியக் குழுவும் இரு பிரிவுகளும்

பல்கலைக்கழக மானியக் குழுவை 1953 டிசம்பர் 28 ஆம் நாள் தொடங்கி வைத்தவர் இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் ஆவார். 1956 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அது சட்டப்படியான அமைப்பாயிற்று. அச்சட்டத்தின் இரண்டு பிரிவுகளைக் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. பிரிவு 2(எஃப்) ஒரு கல்லூரியை அறிந்தேற்றுப் பட்டியலில் சேர்ப்பது. பிரிவு 12(பி) அக்கல்லூரி மத்திய நிதியைப் பெறத் தகுதியுடையது என அறிவிப்பது. 1972 ஜூன் 17 ஆம் நாளுக்குப்பின் தோன்றிய கல்லூரிகள் இவ்விரண்டாம் தகுதியைத் தனியே பெற்றாக வேண்டும். முதற்பிரிவில் இடம்பெற்றும் இரண்டாம் பிரிவில் இடம்பெறாத கல்லூரிக்குப் பெயர் உண்டு, பொருள் இல்லை.

சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரி என்பதனால் இவ்வுரிமை சற்றும் குறைவதில்லை. அரசியலமைப்பின் 30 ஆம் பிரிவின் முதற்கூறு, சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைக் கூறுகிறது. இரண்டாங்கூறு, உதவி வழங்கும்போது நிருவாகம் சிறுபான்மையினர் கையில் உள்ளது என்னும் காரணத்தால் அரசு வேற்றுமை காட்டலாகாது என்கிறது. சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951 ஆம் ஆண்டிலும், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956 ஆம் ஆண்டிலும், பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971 ஆம் ஆண்டிலும் தோன்றின. சமுதாயப் பெரியோர் நிலமும் பொருளும் ஈந்து எழுப்பிய இத்தகைய நிறுவனங்கள் அரசின் உதவியைப் பெற்று வளர முடிந்தமைக்கு இவ்விரண்டாங்கூறு அரணாக நிற்கிறது.

பயிற்சிக்கு ஓர் இல்லம்

தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சி என்பது கோடை விடுமுறையோடு நின்றது. 1963 முதல் அறிவியல் ஆசிரியர்க்குக் கோடைக்காலப் பயிலகங்கள் நடைபெற்றன. 1970களில் அறிவியலுக்கும் கலையியலுக்கும் தனித்தனியே கல்லூரி மேம்பாட்டுத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. நிலையான ஏற்பாடு 1986 ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னரே அமைந்தது. அதன் பயனாக 1987 முதல் பல்கலைக்கழகங்களில் ‘அகடமிக் ஸ்டாஃப் காலேஜ்’ எனப்படும் கல்விப் பணியாளர் கல்லூரிகள் நிறுவப்பட்டன. நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஒன்று அமைந்தது.

அங்கு இருவகைப் பயிற்சிகள் நடந்தன. பணிக்குப் புதியவர்க்கு ‘ஓரியண்டேஷன்’ என்னும் அறிமுகப் பயிற்சி நான்கு வாரம். துறைசார்ந்த ‘ரிஃப்ரெஷர்’ என்னும் புத்தொளிப் பயிற்சி மூன்று வாரம். 1986 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த ஊதிய விகிதங்களோடு இப்பயிற்சிகள் பதவி உயர்வுக்குரிய நிபந்தனையாகவும் ஆக்கப்பட்டன. இவ்விணைப்பால் பயிற்சிக்குப் பெருந்திரளானோர் வந்தனர். சான்றிதழுக்காக மட்டும் வந்தாரும் அவருள் இருந்தனர். ஆயினும் வேறு கல்லூரி ஆசிரியரோடு மூன்று வாரம் தங்கி, ஒரே பாடப்பகுதியை அவர் எவ்வாறு நடத்துகிறார் எனக் கேட்டறிவது எந்நூலும் தாராத பயனாகும்.

இவற்றோடு ‘எஃப்.ஐ.பி.’ என நாம் வழங்கும் ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றும் இருந்தது. ஆசிரியர் ஊதியத்தோடு விடுப்பில் சென்று முனைவர் பட்ட ஆய்வை மேற்கொள்ளலாம். அவர் இடத்தில் பாடம் நடத்தும் மாற்று ஆசிரியரின் ஊதியத்தை மானியக் குழு வழங்கும். ஆய்வாளருக்கு ஓய்வும் மாணவருக்கு ஆசிரியரும் ஒருங்கே கிடைக்கச் செய்த இத்திட்டத்தால் தமிழ்நாட்டுத் தமிழ்த்துறைகளில் முனைவர் பட்டம் பெற்றோர் பலர்.

திட்டக்காலம் முடிந்தபின்

இந்நல்கைகள் ஐந்தாண்டுத் திட்டங்களை அடியொற்றி வந்தவை. தமிழகக் கல்லூரிகள் ஐதராபாத்திலுள்ள மானியக் குழுவின் தென்கிழக்கு மண்டல அலுவலகத்திற்கு விண்ணப்பம் அனுப்பி, ஒப்பளிப்பு ஆணையை எதிர்நோக்கி இருந்த காலம் மூத்த பேராசிரியர்கட்கு நினைவிருக்கும். 12 ஆம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச் 31 ஆம் நாள் முடிந்தது. திட்டக்குழுவின் இடத்தில் 2015 ஜனவரி முதல் நிதி ஆயோக் அமைந்துவிட்டமையால் 13 ஆம் திட்டம் என ஒன்று வரவில்லை. திட்டந்தோறும் கல்லூரியின் வாயிலுக்கே வந்த வளர்ச்சிக் கொடை இவ்வாறு நின்றது.

அதற்கு முன்பே, 2013 ஆம் ஆண்டில், ‘ரூசா’ எனப்படும் தேசிய உயர்கல்வி இயக்கம் தொடங்கப்பட்டிருந்தது. இதில் பொதுவாக மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்று, மாநிலத்தின் வழியே நிதியை வழங்குகின்றன. 2023 ஆம் ஆண்டு முதல் இது ‘பி.எம். உஷா’ என்னும் பெயர் பெற்றது. பணம் நேரே வந்த நிலை மாறி, மாநிலத்தின் திட்ட அறிக்கையும் கல்லூரியின் தரச்சான்றும் ஒத்து அமைந்தால் வரும் நிலை ஏற்பட்டது.

பயிற்சியின் வடிவமும் மாறிற்று. கல்விப் பணியாளர் கல்லூரிகள் மனிதவள மேம்பாட்டு மையங்களாகிப் பின் 2023 செப்டம்பர் 5 ஆம் நாள் தொடங்கிய மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் மையங்களாயின. பயிற்சிகளுட் பெரும்பாலானவை இணையவழிக்கு வந்துவிட்டன. அதற்கு முன் 2018 ஆம் ஆண்டிலேயே ‘ஸ்வயம்’ தளத்தின் வழியே ‘அர்பிட்’ என்னும் ஆண்டுப் புத்தொளிப் பயிற்சி வந்திருந்தது. பயணமும் தங்கும் செலவும் இல்லாது போயின என்பது இலாபம். உடன் தங்கிப் பேசி அறியும் வாய்ப்புக் குறைந்தது என்பது இழப்பு.

பணம் பணியிடத்தைப் பார்க்கிறது

இதுகாறும் கூறியவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெரும்பாலான நல்கை, அரசு ஊதியம் வழங்கும் நிரந்தரப் பணியிடத்தைப் பின்பற்றியே வந்தது. ஆனால் தமிழ்நாட்டின் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவுகள் பெருகியபின், மாணவருள் பெரும்பகுதியினர் பயில்வது அப்பிரிவுகளில். அவர்க்குத் தமிழ் நடத்துபவர் நிருவாகம் தரும் ஊதியத்தில் பணிபுரியும் விரிவுரையாளர். நல்கை பணியிடத்தைப் பார்க்கிறது. மாணவரோ வகுப்பறையில் நிற்பவரைப் பார்க்கிறார்.

சிங்கப்பெருமாள் கோவிலைச் சுற்றி வாழும் நமக்கு இவ்விடைவெளி எளிய செய்தியன்று. இங்கிருந்து மேற்கே பிரியும் சாலை ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூரை அடைகிறது. இத்தொழில் மண்டலத்தில் நிலையானது என எதுவும் இல்லை. 2006 ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. மறைமலை நகரின் ஃபோர்டு ஆலை 2022 ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்தியது. இத்தகைய மண்டலத்தில் வளரும் இளைஞர்க்கு ஒரு தொழிலுக்கு மட்டும் உரிய திறன் போதாது. படித்ததைப் புரிந்துகொள்ளவும் புரிந்ததைத் தெளிவாக எழுதவும் வேண்டும். அரசுப் பணியை நாடுவோர்க்கோ, 2021 டிசம்பர் அரசாணைப்படித் தேர்வாணையத் தேர்வுகளில் கட்டாயத் தமிழ்த் தகுதித்தாள் உண்டு. அதில் 40 விழுக்காடு பெறாதவரின் ஏனைய விடைத்தாள்கள் மதிப்பிடப்படுவதில்லை. வணிகவியலும் கணினியும் பயிலும் மாணவர்க்கு இத்தகுதியைத் தரக்கூடிய ஒரே இடம் பகுதி ஒன்று தமிழ் வகுப்பு. அவ்வகுப்பை ஏற்று நடத்துபவர்க்கே பயிற்சி எட்டாமற் போகிறது.

மேலும் ஒன்று. 2022 நவம்பரில் வெளியான மானியக் குழுவின் விதிமுறைகளால் எம்.ஃபில். பட்டப்படிப்பு நிறுத்தப்பட்டது. முன்னரே பட்டம் பெற்றோரின் பட்டம் செல்லும். எனினும் உதவிப் பேராசிரியர் பணிக்குத் தேசியத் தகுதித் தேர்வோ மாநிலத் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும் என்பதால், எம்.ஃபில். பட்டத்தோடு சுயநிதிப் பிரிவில் பணிபுரிவோர் பகலில் பாடமும் இரவில் ஆய்வும் எனச் சுமக்கின்றனர். மாற்று ஆசிரியர்க்கு ஊதியம் தந்து விடுப்பளித்த பழைய ஏற்பாட்டின் நிழல் இவர்மேல் விழுந்ததில்லை.

கதவு எங்கே அடைபட்டுள்ளது?

சுயநிதிப் பிரிவு ஆசிரியரைப் பயிற்சியில் சேர்க்கமாட்டார்கள் என்பது பரவலான நம்பிக்கை. கல்விப் பணியாளர் கல்லூரிகட்கு மானியக் குழு வகுத்த நெறிமுறைகள் அவ்வாறு கூறவில்லை. இரண்டாண்டேனும் பல்கலைக்கழக இணைவு பெற்ற கல்லூரியில் மூன்று கல்வியாண்டுகள் பணிபுரிந்த தற்காலிக, பகுதிநேர, ஒப்பந்த ஆசிரியரையும் அவை அனுமதித்தன. ஆக, பயிற்சி மையத்தின் கதவு அடைபடவில்லை. அடைபட்டிருப்பது கல்லூரியின் விடுப்புப் பதிவேடு. நிரந்தர ஆசிரியர் செல்லும் நாட்கள் பணிநாட்களாகக் கருதப்படும். சுயநிதி ஆசிரியர்க்கு அவை ஊதியமற்ற நாட்களாக ஆகும் இடங்கள் உண்டு.

நிருவாகத்தாரின் தயக்கத்திற்கும் காரணம் உண்டு. பயிற்சி பெற்றவர் வேறிடம் சென்றுவிட்டால் என் செய்வது என்பர். நன்னூலார் கூறிய முடத்தெங்கு அவர் மனத்தில் எழுகிறது. நீர் ஊற்றியவர் ஒருவர், காய் விழுவது அயலார் முற்றத்தில். ஆனால் இங்குக் காயைப் பெறுபவர் மாணவர். ஆசிரியர் ஓராண்டு நின்றாலும் அவ்வாண்டின் மாணவர்க்கு அப்பயன் கிட்டிவிடுகிறது.

தர மதிப்பீடும் இதனையே வலியுறுத்தியது. 1994 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவாகிய ‘நாக்’, 2017 இல் திருத்தியமைத்த முறையில், முழுநேர ஆசிரியருள் எத்தனை விழுக்காட்டினர் மேம்பாட்டுப் பயிற்சி பெற்றனர், எத்தனை பேர்க்குக் கல்லூரி நிதியுதவி அளித்தது எனக் கேட்டது. அரசு ஊதியம் பெறுவோர், நிருவாக ஊதியம் பெறுவோர் என அக்கணக்கு பிரிக்கவில்லை. மதிப்பெண்ணுக்கு எண்ணப்படுபவர் பயிற்சிக்கும் எண்ணப்படுதல் முறையன்றோ?

செயற்பாலன

முதலாவதாக, பயிற்சி நாட்களை அனைவர்க்கும் ஊதியமுள்ள பணிநாட்களாக ஏற்றல். இதன் சுமை அஞ்சத்தக்கதன்று. வாரம் 18 மணிநேரம் பாடம் நடத்துபவர் இருவாரப் பயிற்சிக்குச் சென்றால் விடுபடுவது 36 மணிநேரம். துறையில் நால்வர் பகிர்ந்தால் ஒருவர்க்கு 9 மணிநேரமே கூடும்.

இரண்டாவதாக, தமிழுக்கெனவே உள்ள வாயில்களை நாடுதல். பெரும்பாக்கத்தில் 2022 ஜனவரி முதல் சொந்த வளாகத்தில் இயங்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், கல்லூரிகள் பயிலரங்கும் கருத்தரங்கும் நடத்த நிதியுதவி அளித்து வந்துள்ளது. அது நம்மிடமிருந்து நெடுந்தொலைவில் இல்லை. திருப்பெரும்புதூரிலேயே 1993 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் உள்ளது. தமிழ்த்துறைகள் ஆலைகளின் பெயர்ப்பலகைகளை அறிந்த அளவிற்கு இந்நிறுவனங்களை அறிந்திருக்கவில்லை.

மூன்றாவதாக, கணக்கை ஒழுங்காக வைத்தல். பெற்ற தொகைக்குத் தணிக்கையாளர் கையொப்பமிட்ட செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் உரிய காலத்தில் அனுப்பாவிடின் அடுத்த தவணை வாராது. கருத்தரங்கு முடிந்த மாலையில் பந்தலைப் பிரிப்பதில் காட்டும் விரைவைப் பற்றுச்சீட்டுகளைத் திரட்டுவதிலும் காட்டுதல் வேண்டும்.

நான்காவதாக, பயிற்சி முடித்துத் திரும்பியவர் தாம் கற்றதைத் துறையில் ஒரு பிற்பகலேனும் எடுத்துரைத்தல். இதற்கு எவ்வரசின் ஒப்பளிப்பும் வேண்டா. ஒருவர்க்குக் கிடைத்த நல்கை இவ்வழியில் துறை முழுமைக்கும் உரியதாகும்.

ஐந்தாண்டுத் திட்டம் போயிற்று, பெயர்கள் மாறின, நிதியின் வழியும் மாறிற்று. எது மாறினும் நாளைக் காலை முதல் வகுப்பில் அறுபது மாணவர் அமர்ந்திருப்பர். ஆலையில் இரவுப்பணி முடித்த தந்தையின் ஊதியத்தில் கட்டணம் செலுத்தியவரும் அவருள் இருப்பர். அவர்முன் நிற்கும் ஆசிரியரின் ஊதியப்பட்டியல் எந்நிறத் தாளில் அச்சாகிறது என்பது அவர்க்குத் தெரியாது, தெரிய வேண்டுவதும் இல்லை. அவர்க்கு வேண்டுவது நன்கு கற்பிக்கப்பட்ட ஒரு மணிநேரம். அதனை வழங்கும் கடமை அரசுக்கும் நிருவாகத்திற்கும் துறைக்கும் ஒருசேர உரியதாகும்.